எயிற்பட்டினம் முதல் உல்லாசக் கப்பல் வரை: விழுப்புரம் கடற்கரையின் கப்பல் வரலாறு

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடற்கரை சோழமண்டலக் கரையின் வடபகுதியாகும். இக்கரை ஈராயிரம் ஆண்டுகளாகக் கப்பல்களைக் கண்டு வருகிறது. கிரேக்க வணிகக் கலங்கள், சோழர் கால மரக்கலங்கள், பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல்கள், நீராவிக் கப்பல்கள் ஆகியவற்றுக்குப் பிறகு 21ஆம் நூற்றாண்டில் பல அடுக்கு உல்லாசக் கப்பல்களும் இவ்வழியே செல்கின்றன. பண்டைய துறைமுகங்களையும் கோட்டைகளையும் தீவுகளையும் கடல்வழியே சுற்றிப் பார்க்கும் பயணங்கள் இன்று சுற்றுலாத் துறையின் புதிய பிரிவாக வளர்ந்துள்ளன.

இக்கரையின் வரலாற்றில் மாறாமல் தொடரும் செய்தி ஒன்று உண்டு. பெரிய கப்பல் இங்கே கரையைத் தொடுவதில்லை. அது கடலில் நிற்கும். சிறு படகுகளே ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். இந்த முறையை மாற்றித் துறைமுகம் கட்டியபோது அதன் விளைவை அடுத்துள்ள மீனவக் கிராமங்கள் சுமக்க நேர்ந்தது. இக்கட்டுரை விழுப்புரம், திண்டிவனம் பகுதியை மையமாகக் கொண்டு இந்த வரலாற்றைத் தொகுத்துரைக்கிறது.

அமைவிடம்

விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களும் உள்நாட்டில் உள்ளவை. எனினும் மாவட்டத்தின் கிழக்கு எல்லை வங்கக் கடலாகும். மரக்காணம், வானூர் வட்டங்களின் கடலோர ஊர்கள் புதுச்சேரியின் வட எல்லை வரை நீண்டுள்ளன. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ளது. மரக்காணத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் ஏறத்தாழ அதே தொலைவில் புதுச்சேரி வரும்.

இக்கரை நேரான மணற்கரையாகும். கப்பல்கள் ஒதுங்குவதற்கேற்ற வளைகுடாவோ ஆழமான ஆற்றுமுகமோ இங்கு இல்லை. கரைக்கு அருகில் கடல் ஆழம் குறைவு. அலைகள் வரிசையாக எழுந்து முறிந்து விழும் பகுதியைக் கடந்துதான் கரைக்கு வர முடியும். இந்த இயற்கை அமைப்பே இக்கரையின் கப்பல் வரலாறு முழுவதையும் தீர்மானித்தது.

சங்க காலம்: பாணன் சென்ற வழி

சங்க காலத்தில் இப்பகுதி ஓய்மாநாடு எனப்பட்டது. இதன் தலைவன் நல்லியக்கோடன். இவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள் கொண்ட இந்நூலை இயற்றியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்துக்கு வடக்கே உள்ள கடலோரப் பேரூராட்சி ஒன்றின் பெயராக இன்றும் வழங்குகிறது.

பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக இந்நூல் அமைந்துள்ளது. கடற்கரையில் எயிற்பட்டினம், அடுத்து வேலூர், பின்னர் ஆமூர், இறுதியாக நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் என ஊர்கள் இதில் இடம்பெறுகின்றன. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனம் நகரின் பகுதியாக உள்ள கிடங்கல் என்றும் அறிஞர்கள் கொள்கின்றனர். வேலூரை உப்புவேலூர் என்றும் ஆமூரை நல்லாமூர் என்றும் கருதுவோர் உண்டு. அவ்வாறாயின் அன்று பாணன் நடந்த வழியும், மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கு இன்று பேருந்து செல்லும் நிலப்பரப்பும் ஒன்றேயாகும்.

ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும் உணவையும் நத்தத்தனார் குறிப்பிடுகிறார். எயிற்பட்டினத்தில் நுளையர் தரும் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். வேலூரில் புளிச்சுவையுடைய சோறும் சுட்ட இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டுக் கறி கிடைக்கும். எயிற்பட்டினத்துக் கரையில் அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தனவாம். அகில் இக்கரையில் விளையும் மரமன்று. மணப்பொருளான ஒரு மரம் விறகாக எரிக்கப்படும் அளவுக்குக் கரையில் ஒதுங்கியது என்பது இங்கு நிலவிய கடல் தொடர்பை உணர்த்துகிறது. வழி, தங்குமிடம், உணவு, காணத்தக்கவை ஆகிய நான்கையும் கூறும் இப்பகுதி இன்றைய பயணக் கையேடுகளுக்கு முன்னோடி எனத் தக்கது.

கிரேக்க மாலுமியின் கையேடு

கி.பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதப்பட்டது ‘செங்கடல் பயணக் குறிப்பு’ எனப்படும் பெரிப்ளூஸ். எகிப்திலிருந்து இந்தியா வரையிலான துறைமுகங்களையும் அவற்றின் வணிகப் பொருள்களையும் இது வரிசைப்படுத்துகிறது. இதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. கிரேக்க மொழியில் எழுதிய ஒரு வணிகராகவோ மாலுமியாகவோ அவர் இருக்கலாம்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் காமரா, பொடுகே, சோபட்மா என்னும் மூன்று துறைமுகங்களை இந்நூல் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது. காமரா காவிரிப்பூம்பட்டினம் எனவும், பொடுகே புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு எனவும் கொள்ளப்படுகின்றன. சோபட்மா மரக்காணம் என்பது பலரின் கருத்தாகும். ‘சோ’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் ‘எயில்’ என்பதற்கும் மதில் அல்லது அரண் என்னும் ஒரே பொருள் உண்டு. ஆகவே சோபட்டினம் என்பதும் எயிற்பட்டினம் என்பதும் ஓர் ஊரின் இரு பெயர்கள் என இவர்கள் விளக்குகின்றனர்.

இத்துறைமுகங்களில் மூவகைக் கலங்கள் இருந்ததாகப் பெரிப்ளூஸ் கூறுகிறது. முதல் வகை கரையோரமாகவே சென்று மேற்குக் கரை வரை போய்வரும் உள்ளூர்க் கலங்கள். இரண்டாம் வகை ‘சங்கரா’ என்னும் பெயருடைய, மரங்களை இணைத்துக் கட்டிய பெருங்கலங்கள். மூன்றாம் வகை கங்கைக்கும் பொன்னாடு எனப்பட்ட தென்கிழக்காசியாவுக்கும் சென்ற ‘கொலாண்டியா’ என்னும் மிகப் பெரிய கலங்கள். அருகில் செல்ல ஒரு கலமும் தொலைவு செல்ல ஒரு கலமும் எனத் தேவைக்கேற்பப் பிரித்துப் பயன்படுத்தும் வழக்கம் அன்றே இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது.

அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அவருக்குப் பின் ஜான் மரி கசால் 1940களின் இறுதியிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் ஆய்வு செய்தனர். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள், இத்தாலிய மட்கலங்கள், மணி செய்யும் தொழிலின் எச்சங்கள் ஆகியவை இங்கு கிடைத்தன. அரிக்கமேடு திறந்த கடற்கரையில் அமையாமல், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்திருந்தது. அலை தாக்காத கழியோரமே துறைக்கு ஏற்றது என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர்.

மரக்காணமும் கழியோர ஊரே. அதன் தெற்கே பரந்துள்ள கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்ததாகத் தமிழகத்தில் பெரிய உவர்நீர் ஏரியாகும். இடையன்திட்டு முகத்துவாரம் வழியாக இது கடலோடு கலக்கிறது. மரக்காணத்தில் உள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

தீவுக் கரையில் ஒரு கடற்சட்டம்

சோழமண்டலக் கரையிலிருந்து தெற்கே செல்லும் கலங்களுக்கு இலங்கையின் வடபகுதித் தீவுகள் இயல்பான தங்குமிடங்களாக இருந்தன. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. இது முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும்.

வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் இக்கல்வெட்டு கூறுகிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானை, குதிரை ஏற்றிவரும் கலம் உடைந்தால் சரக்கில் கால்பங்கு அரசுக்கும் முக்கால்பங்கு உரியவருக்கும் சேரும். பிற வணிகப் பொருள்களை ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதியாகப் பிரிக்கப்படும். சிங்கள மன்னன் ஒருவன் தன் கடற்சட்டத்தைத் தமிழில் பொறித்தது, அக்கடலில் தமிழ் பேசும் வணிகர்களும் மாலுமிகளும் எந்த அளவு இயங்கினர் என்பதைக் காட்டுகிறது. கலம் உடைவது அன்று எதிர்பார்க்கப்பட்ட நிகழ்வாகவே இருந்தது என்பதும் இதனால் விளங்கும்.

ஆலம்பரையும் புதுச்சேரியும்

ஐரோப்பியர் வருகைக்குப் பின் இக்கரையில் புதிய கோட்டைகள் எழுந்தன. டென்மார்க்கினர் 1620இல் தரங்கம்பாடியில் குடியேறினர். பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் புதுச்சேரியில் நிலைகொண்டனர். ஒல்லாந்தர் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும், ஆங்கிலேயர் சென்னையிலும் கடலூரிலும் இருந்தனர். இவற்றில் பல, உள்நாட்டு ஆட்சியாளரின் இசைவுடன் தொடங்கியவை. இப்பகுதியின் அரசியல் மையமாகச் செஞ்சிக் கோட்டை விளங்கியது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். மராத்தியரின் கோட்டைகள் 2025ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றாகச் செஞ்சியும் இடம்பெற்றது.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை உள்ளது. இது ஆர்க்காட்டு நவாபு ஆட்சியில் துறைமுகமாகவும் நாணயச்சாலை உள்ள இடமாகவும் விளங்கியது. 1750இல் முசாபர் சங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றிச் சிதைத்தனர். எஞ்சிய சுவர்களை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மேலும் சேதப்படுத்தியது.

இக்காலத்துக் கப்பல் போக்குவரத்தை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சிறந்த சான்றாகும். 1736இல் தொடங்கும் இந்நாட்குறிப்பில் எந்தக் கப்பல் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, என்ன சரக்கு கொண்டுவந்தது, எத்தனை குண்டு முழங்கி வரவேற்றார்கள் என்பன போன்ற செய்திகள் தொடர்ந்து வருகின்றன. டூப்ளேயின் துபாசியாகப் பணியாற்றிய பிள்ளை, ‘ஆனந்தப்புரவி’ என்ற கப்பலின் உரிமையாளராகவும் இருந்தார்.

சலங்கும் கட்டுமரமும்

ஐரோப்பியரின் பெரிய கப்பல்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை சலங்கு என்னும் படகுகளாகும். ஆங்கிலேயர் இதனை மசூலா படகு என்றனர். ‘செலாங்கு’ என்பது பிரெஞ்சுக்காரரின் வழக்கு.

சலங்கின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும். ஆணி அறைந்த படகு அலையில் மோதும்போது பலகை பிளந்துவிடும். கயிற்றால் தைத்த படகோ வளைந்து கொடுத்து அலையின் வேகத்தைத் தாங்கும். ஐரோப்பியப் படகுகளால் கடக்க முடியாத அலைமுறியும் பகுதியை இவை கடந்தன. அலை கடுமையாக இருக்கும் நாளில் கட்டுமரத்தில் செல்வோர் கடிதங்களைத் தலைப்பாகையிலோ தொப்பியிலோ பாதுகாத்துக் கப்பலுக்குக் கொண்டுசெல்வர். கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நுழைந்தது இக்கரையின் வழியாகவே.

ஆளுநரானாலும் படைத்தலைவரானாலும் இக்கரையில் கால் வைக்க மீனவரின் படகில் ஏறியே ஆக வேண்டும். கோட்டைகளின் வரலாற்றில் அப்படகோட்டிகளின் பெயர்கள் இடம்பெறவில்லை. ஆனால் அவர்களின்றி அக்கோட்டைகளுக்கு ஒரு பீரங்கிகூட வந்து சேர்ந்திருக்காது.

புதுச்சேரியில் 1866இல் இரும்புத் தூண்கள் மீது கடலுக்குள் நீளும் பாலம் கட்டப்பட்டது. படகுகள் அலைமுறியும் பகுதியைக் கடக்காமல் பாலத்தின் முனையில் சரக்கை இறக்க இது உதவியது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது அழிந்தது. அதன்பின் வேறிடத்தில் கட்டப்பட்ட பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாதத்தில் இடிந்து விழுந்தது.

வாழ வழிதேடிய கப்பல்கள்

கடற்பயணம் இப்பகுதி மக்களுக்கு நெடுங்காலம் இன்பப் பயணமாக இருக்கவில்லை. அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் பிரெஞ்சுக் குடியேற்றத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் தேவைப்பட்டனர். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவையும், 1854 டிசம்பர் 24ஆம் நாள் குவாதலூப் தீவையும் அடைந்தது. 1880களில் இம்முறை நிறுத்தப்படும் வரை இந்தியாவிலிருந்து மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் சென்றனர். இன்று உல்லாசக் கப்பல்கள் மிகுதியாகச் செல்லும் கரீபியன் தீவுகளில் மாரியம்மன் வழிபாடும் தமிழ்ப் பெயர்களும் காணப்படுவது இதனால்தான்.

பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்கும் கப்பல்கள் சென்றன. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. இதில் அறை வசதி பெற்றோர் மிகச் சிலரே. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்டோரை மேல்தளத்திலும் இடைத்தளங்களிலும் ஏற்ற இதற்கு உரிமம் இருந்தது. பாயும் தகரப்பெட்டியும் கட்டுச்சோறும் கொண்டு பயணம் செய்தோரே இதன் பெரும்பான்மைப் பயணிகள். இவ்வழியில் பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதுடன் சென்னை சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

கால்வாயும் ரயிலும்

கடலின் அலைக்குத் தப்பிச் செல்ல ஆங்கிலேயர் கண்ட வழி கடலோரக் கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய் பின்னர் வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. இதன் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் தானியமும் படகுகளில் இவ்வழியே சென்றன. மக்களும் இரவுநேரப் படகுகளில் பயணம் செய்தனர். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இக்கால்வாயில் நண்பர்களுடன் சென்ற படகுப் பயணத்தைப் பாடுவதாகும்.

1870களில் சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே ரயில் பாதை அமைந்தது. 1879இல் விழுப்புரம் புதுச்சேரி ரயில் பாதை திறக்கப்பட்டது. கடற்கரையின் ஊர்களை நோக்கிச் சென்ற வணிகமும் பயணமும் ரயில் நிலையங்களை நோக்கித் திரும்பின. விழுப்புரம் சந்திப்பு வளர்ந்தது. மரக்காணம் உப்பளங்களின் ஊராகச் சுருங்கியது.

எனினும் விழுப்புரத்துக்கும் கப்பலுக்கும் தொடர்பு அறவில்லை. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட ‘போட் மெயில்’ திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் சென்றது. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டபின் பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு சென்றனர். விழுப்புரத்தில் வாங்கிய ஒரே சீட்டில் கடலைக் கடந்து கொழும்பு வரை செல்ல முடிந்த காலம் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது இவ்வழி துண்டிக்கப்பட்டது.

உல்லாசக் கப்பலின் தோற்றம்

ஓரிடத்தை அடைவதற்காக அன்றி, பயணத்தின் இன்பத்துக்காகவே கப்பலேறும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியது. 1844இல் பி அண்ட் ஓ நிறுவனம் மத்தியதரைக் கடல் துறைமுகங்களைச் சுற்றிவரும் பயணத்தை அறிமுகப்படுத்தியது. நாவலாசிரியர் தாக்கரே அவ்வாண்டில் இலவசச் சீட்டில் பயணம் செய்து அதைப் பற்றி நூல் எழுதினார். 1891 சனவரியில் ஜெர்மனியின் ‘அவுகுஸ்தா விக்தோரியா’ என்ற கப்பல் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்தது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் வழியில் பயணிகள் குறைந்ததால் கப்பலைச் சும்மா நிறுத்திவைக்காமல் வருவாய் ஈட்ட அதன் நிர்வாகி ஆல்பர்ட் பாலின் கண்ட வழி இது. 20ஆம் நூற்றாண்டில் விமானப் போக்குவரத்து வளர்ந்து கப்பல்கள் பயணிகளை இழந்தபோது, இவ்வழக்கமே கப்பல் நிறுவனங்களைக் காப்பாற்றியது.

சோழமண்டலக் கரையில் உல்லாசக் கப்பல்

2022 சூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற கார்டிலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 1990இல் கட்டப்பட்ட இக்கப்பல் ஏறத்தாழ 210 மீட்டர் நீளமும் 11 தளங்களும் உடையது. விசாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய ஊர்கள் அதன் பயணத் திட்டத்தில் இருந்தன. ஆனால் கப்பலில் உள்ள சூதாட்ட வசதி குறித்துப் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டில் அங்கு பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை.

2023 சூன் மாதம் இக்கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குச் சென்றது. கோணேசுவரர் கோயிலும் பிரெட்ரிக் கோட்டையும் உள்ள திருகோணமலை, இயற்கையான ஆழ்கடல் துறைமுகமாகும். காங்கேசன்துறை யாழ்ப்பாணத்தின் வாயில். போரினால் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்த அத்துறைக்குப் பெரிய பயணிகள் கப்பல் வந்தது அங்கு வரவேற்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினம் காங்கேசன்துறை இடையே பயணிகள் படகுப் போக்குவரத்து தொடங்கியது. பருவமழை காரணமாகச் சில நாள்களிலேயே நின்ற இச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. சில மணி நேரத்தில் கடலைக் கடக்கும் இச்சேவை உல்லாசத்துக்காக அன்றி, உறவினரைக் காணவும் கோயில்களுக்குச் செல்லவும் வணிகத்துக்கும் உதவுகிறது.

2025 சூலையில் உல்லாசக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. புதுச்சேரித் துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கப்பல் நுழைவதற்கான ஆழம் இல்லை. ஆகவே கப்பல் நடுக்கடலில் நின்றது. பயணிகள் சிறு படகுகளில் உப்பளம் துறைமுகத்துக்கு அழைத்துவரப்பட்டனர். டூப்ளே காலத்தில் சலங்கு செய்த வேலையை இப்போது இயந்திரப் படகு செய்தது. இக்கரையின் இயல்பு மாறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

துறைமுகமும் கரை அரிப்பும்

கப்பலைக் கரைக்கே வரவழைக்க வேண்டும் என்ற எண்ணம் இக்கரையில் இருமுறை பெரிய அளவில் செயல்படுத்தப்பட்டது. முதலாவது சென்னைத் துறைமுகம். இரண்டாவது புதுச்சேரித் துறைமுகம்.

இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. முன்னதைத் ‘தெண்டி’ என்றும் பின்னதை ‘வன்னி’ என்றும் சென்னைப் பகுதி மீனவர் வழங்குவர். வடக்கே போகும் மணலே மிகுதி. கடலுக்குள் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் அதன் தெற்குப் பக்கத்தில் மணல் சேரும். வடக்குப் பக்கத்தில் போன மணலுக்கு ஈடாகப் புது மணல் வராததால் கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா கடற்கரை அகன்றதும், வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் கரைகள் அரிக்கப்பட்டதும் இதனால்தான்.

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. பண்டைய பொடுகே அமைந்திருந்ததும் இவ்வாற்றின் கரையில்தான். சுவர்கள் எழுந்தபின் புதுச்சேரி நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடத்தில் கரை நின்றது. ஆனால் அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. புதுச்சேரிக்கு வடக்கே தொடங்குவது விழுப்புரம் மாவட்டம். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் பாதிக்கப்பட்டன. வீடுகள் இடிந்தன, தென்னைகள் சாய்ந்தன, படகுகளை இழுத்து நிறுத்தவும் வலைகளை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் இருந்த மணற்பரப்பு மறைந்தது.

மணற்பரப்பு மீனவருக்கு வேடிக்கை பார்க்கும் இடமன்று. அது அவர்களின் துறைமுகமாகும். துறைமுகம் இல்லாத கரையில் ஈராயிரம் ஆண்டுகளாகப் படகைக் கடலில் இறக்கவும் ஏற்றவும் உதவியது அந்த மணலே. ஒரு துறைமுகத்தின் சுவர், பல சிறு துறைகளை இல்லாமல் ஆக்கியது என்பதே இங்கு நடந்தது. துறைமுகம் ஓர் ஆட்சிப் பகுதியிலும் அரிப்பு வேறோர் ஆட்சிப் பகுதியிலும் நிகழ்வதால் பொறுப்பேற்பதும் எளிதாக இல்லை.

புதுச்சேரியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததன் பின்னர் நகரக் கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. இழந்த கரையை ஓரளவு மீட்க முடியும் என்பதை இது காட்டுகிறது. வடக்கே உள்ள ஊர்கள் தூண்டில் வளைவு கேட்டுப் போராடி வருகின்றன. ஆனால் ஓரூரில் தூண்டில் வளைவு அமைத்தால் அடுத்த ஊரில் அரிப்பு தொடரும் என்னும் சிக்கல் நீடிக்கிறது.

இன்றைய நிலை

சென்னையிலிருந்து கடல்வழியே தெற்கே செல்லும் கப்பல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்னும் வரிசையைக் கடக்கிறது. இவ்வளவு பழமையான துறைமுகங்கள் அடுத்தடுத்து அமைந்த கரைகள் உலகில் சிலவே. எனினும் ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. கிடங்கலின் பழமையைத் திண்டிவனத்தில் வாழ்வோரிலேயே பலர் அறியார். கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. காக்கிநாடா புதுச்சேரி கால்வாய்த் தடம் கழுவேலியையும் உள்ளடக்கி 2008இல் தேசிய நீர்வழி எண் 4 என அறிவிக்கப்பட்டது. ஆனால் மரக்காணத்துக்குப் பயணிகள் படகு இன்னும் வரவில்லை.

கடல்வழிச் சுற்றுலா வளர்வது வேலைவாய்ப்புக்கும் வரலாற்று ஆர்வத்துக்கும் உதவக்கூடும். அதற்காக ஒவ்வோர் ஊரிலும் கடலுக்குள் சுவர் எழுப்பத் தேவையில்லை என்பதை இக்கரையின் வரலாறே சொல்கிறது. பெரிய கப்பலைக் கடலில் நிறுத்திச் சிறு படகில் கரைக்கு வருவது சோபட்மா காலந்தொட்டுப் பழகிய முறையாகும். அப்படகுகளை ஓட்டும் வாய்ப்பு மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள மீனவ இளைஞர்களுக்குக் கிடைத்தால், அலைத்தடுப்புச் சுவரால் கரையை இழந்த ஊர்கள் அக்கப்பலால் ஒரு பயனையேனும் பெறும்.